தப்பாக இறங்கியவர்கள்

கொடி பஸ்ஸை விட்டு இறங்கிய நாள் ஒரு சனிக்கிழமை. சீசனின் முதல் சனிக்கிழமை என்பதால் பஸ்ஸில் ஒரு சீட்டும் காலியில்லை.

கொடி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. சுற்றுலாக் கம்பெனியின் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடப்பது அவள் வேலை. வருஷக்கணக்காக நடந்ததில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

காலையில் நகரத்து ஓட்டல் வாசல்களில் ஆட்களை ஏற்ற வேண்டும். கோட்டையைக் காட்ட வேண்டும், அருவியைக் காட்ட வேண்டும். கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தேடிப் பிடித்து, கழிவறைக்குள் இருப்பவர்களைக் கதவைத் தட்டி வரவழைத்து, இருட்டுவதற்குள் ஏற்றின இடத்திலேயே கொண்டுவந்து இறக்க வேண்டும். "எல்லாரும் ஏறியாச்சா?" என்ற கேள்வி அவள் நாக்கிலேயே குடியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால்கூட, சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் ஏறியாச்சா?" என்பாள். "ஏறியாச்சு, நீ சோத்தை எடு" என்பார் அக்கா புருஷன்.

நகரத்துக்கும் கோட்டைக்கும் நடுவில் நீளமான சமவெளி. வயல், வாய்க்கால், நாலு ஓட்டு வீடு, மறுபடியும் வயல். அந்த இடம் வந்ததும் அவள் மைக்கை எடுப்பாள். "அடுத்த ஒரு மணி நேரம் பார்க்க ஒன்றுமில்லை. தூங்குகிறவர்கள் தூங்கலாம்." வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கம்பெனி சொல்லிக்கொடுத்த வாக்கியம். அதைக் கேட்டதும் ஜன்னல் திரைகள் வரிசையாக மூடும்.

அந்தச் சனிக்கிழமையும் சொன்னாள், திரைகளும் மூடின. முன்சீட்டில் மடியில் குடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அது என்னங்க?"

"எதும்மா?"

"அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி."

"அது ஒண்ணுமில்லம்மா. ஊரு."

"ஊர்ல யாரும் இல்லையா?"

"இருக்காங்களே. எங்க அக்காவே அங்கதான் இருக்கா."

பஸ்ஸே சிரித்தது. தூங்கியவர்களும் விழித்து, எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பாக்க ஒண்ணுமில்லாத அக்கா!" என்றார். மறுபடி ஒரு சிரிப்பு. கொடியும் சிரித்தாள். வாயை மூடிய பிறகுதான் அது உள்ளே எங்கேயோ முள்ளாகத் தைத்திருப்பது தெரிந்தது.

கோட்டையில் அன்றைக்கு நிற்க இடமில்லை. முன்னால் நிற்பவர்களின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தங்கள் பின்னந்தலையைக் காட்டிவிட்டு எல்லாரும் இறங்கி வந்தார்கள். குடைக்காரப் பெண் கீழேயே நின்றுவிட்டாள். "தலைங்களை ஊர்லயே நிறையப் பாத்தாச்சு" என்றாள்.

திரும்பும் வழியில் அக்கா ஊர் நிறுத்தம் வந்தபோது கொடி எழுந்து, "நிறுத்துங்க டிரைவரண்ணே" என்றாள். அவசரமாக இருக்கும் என்று நினைத்து அவரும் நிறுத்தினார். அவள் கொடியைச் சுருட்டி டேஷ்போர்டில் வைத்தாள். பழக்கத்தில் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சு. நான் இறங்கறேன்."

"எங்க இறங்கற? என்னைக்கு வருவ?"

"வரல."

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். அது பேசிச் சரிக்கட்டுகிற முகமாக இல்லை. "சரி போ. மேனேஜர் கோவம் அறுவடைக்குள்ள ஆறிடும். கொடிய என் சீட்டுக்கடியில வெச்சிருக்கேன். வேணும்னா வந்து எடுத்துக்க" என்றார்.

அக்கா வீடு ஊரின் மறுகோடியில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மாடியில் ஓர் அறை உண்டு. அறுவடை முடிந்ததும் மூட்டைகள் ஏறும். மற்ற நாளில் சும்மா பூட்டிக் கிடக்கும். சாக்கு வாசனையும், சுவரில் படகு மாதிரி ஓர் ஈரக் கறையும், வயலைப் பார்த்த ஒரு ஜன்னலும்தான் அதன் சொத்து.

"அந்த ரூம எனக்குக் கொடு. வெளியூர்க்காரங்க வந்து தங்கற மாதிரி பண்றேன்" என்றாள் கொடி.

அக்கா கரண்டியோடு திரும்பினாள். "இங்க எதுக்குடி வருவாங்க? இங்க என்ன இருக்கு?"

"நீ இருக்கியே."

"என்னப் பாக்கவா பஸ் ஏறி வருவாங்க? உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு."

அக்கா புருஷன் குறைவாகப் பேசுகிறவர். ஆனால் பேசினால் அது நாலு நாள் வீட்டுக்குள் சுற்றும். "அறுவடை வரைக்கும் உன் ரூமு. அப்புறம் மூட்டை ரூமு. அதுக்குள்ள ஆள் வந்து தங்கிட்டா, மூட்டைக்கு நான் வேற எடம் பாக்கறேன். வரலைன்னா நீ உன் கொடியப் போய் எடுத்துக்க" என்றார்.

"சரி மாமா" என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அன்று முதல் அவள் ஓய்ந்து உட்காரவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். படகுக் கறை மேலே வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. கடைசியில் அதன் மேல் கண்ணாடியை மாட்டினாள். கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தாள், மெத்தையை வெயிலில் போட்டு அடித்தாள், தண்ணீர்க் குழாயை மாடிக்கு இழுத்தாள். பிறகு ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுத்து, மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் கையைத் தூக்கி நின்று அதைப் போனில் ஏற்றினாள். என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தாள். தெரிந்த வாக்கியம் ஒன்றுதான் இருந்தது.

"பார்க்க ஒன்றுமில்லாத ஊரில் ஓர் அறை. தூங்குகிறவர்கள் தூங்கலாம்."

பதில் வந்தது! ஒரு கணவனும் மனைவியும் வருவதாக எழுதியிருந்தார்கள். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அக்கா படியெல்லாம் கழுவினாள். "உப்பு கம்மியாப் போடணுமா? அதிகமாவா?" என்று நாளெல்லாம் கேட்டாள். அவர்கள் வரவில்லை. அடுத்து ஒருவர் தனியாக வருவதாகச் சொன்னார். அவரும் வரவில்லை. அதற்கடுத்து மூன்று தோழிகள். கொடி வாசலில் நின்று நின்று பார்த்தாள். வந்தது பக்கத்து வீட்டுக் கோழி மட்டும்தான்.

"மூட்டைக்கு ஜன்னல் வேணாம், மெத்தை வேணாம். வரேன்னு சொல்லிட்டு வராமலும் இருக்காது" என்றார் மாமா, வேறு எங்கேயோ பார்த்தபடி.

வயல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அந்தத் தோழிகளில் ஒருத்தியிடமிருந்து ஒரு வரி வந்தது. "அறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மன்னியுங்கள். ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் மிகவும் நல்லவர்கள்."

கொடி அதைத் திரும்பப் படித்தாள். ஊருக்கே வராதவர்களுக்கு ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று எப்படித் தெரியும்? செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நிறுத்தத்துக்கு நடந்தாள்.

நிறுத்தத்தில் இருப்பது ஒரே ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் ஊரில் எல்லாருக்கும் வேண்டியவர். யாருக்கு எந்த பஸ் என்பதைக் கேட்காமலே கைகாட்டி நிறுத்திவிடுவார்.

"அண்ணே, மூணு பொண்ணுங்க இங்க வந்து இறங்கினாங்களா?"

"ஆமா! பாவம்மா, தப்பா இறங்கிட்டாங்க. உக்காரவெச்சு, டீயக் கொடுத்து, அடுத்த பஸ்ஸ மறிச்சு ஏத்திவிட்டேன். கோட்டையில பத்திரமா இறக்கிவிடச் சொல்லி கண்டக்டர்கிட்டயும் சொல்லி அனுப்பினேன்."

"அதுக்கு முன்னாடி ஒருத்தர்..."

"கண்ணாடி போட்டவரா? அவரும் தப்பா இறங்கிட்டாரு. ரொம்பக் கூச்சப்பட்டாரு, ஏறவே மாட்டேன்னாரு. நான் விடுவேனா? அதுக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு. அந்தம்மா என்னமோ ரூமு ரூமுன்னாங்க. ரூமெல்லாம் கோட்டைகிட்டதாம்மா இருக்குன்னு சொல்லி அனுப்பிவெச்சேன்."

கொடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அவங்க தப்பா இறங்கல. எங்க வீட்டுக்கு வந்தவங்க."

"உங்க வீட்டுக்கா? உனக்குச் சொந்தமா?"

"இல்ல, தங்க வந்தாங்க. சுத்திப் பாக்க."

டீக்கடைக்காரர் ஊரை ஒரு தடவை இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே எதையாவது தவறவிட்டுவிட்டோமோ என்று பார்த்தார். "இங்க என்னம்மா இருக்கு?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

மறுநாளிலிருந்து அவளே நிறுத்தத்தில் காவல் நின்றாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாள். வருவதாகச் சொன்ன ஒரு ஜோடிக்காக ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ரெண்டு பேரு வயலுக்குள்ள வந்துட்டாங்க" என்றார் மாமா. "ரயில்ல வந்து, குறுக்கு வழியில நடந்து வந்திருக்காங்க. பாவம், வழி தப்பிட்டாங்க. பெரிய ரோடு வரைக்கும் நானே கூட நடந்து போய் லாரியில ஏத்திவிட்டேன்."

கொடியின் கை தட்டிலேயே நின்றது. "மாமா. அவங்க என் ஆளுங்க."

"உன் ஆளுங்களா? முதுகுல பை வெச்சிருந்தாங்களே!"

"பை வெச்சிருந்தா?"

"பை வெச்சிருக்கறவன் ஊரை விட்டுப் போறவன். உள்ள வர்றவன் எதுக்குப் பை தூக்கறான்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். கொடிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாமா கையைக் கழுவி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "தெரியாமப் பண்ணிட்டேன்மா" என்றார். பிறகு, "ஆனா அறுவடைக்கு ஆள் சொல்லியாச்சு" என்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மாடிக்குப் போய் அவள் படுத்தாள். நிறுத்தத்தில் நின்றால் வயல் வழியாக வருகிறார்கள். வயலில் நின்றால் வேறு வழியாக வருவார்கள். எங்கே வந்தாலும் அங்கே ஒரு நல்ல மனுஷன் நின்று, டீ கொடுத்து, திருப்பி அனுப்பிவிடுவான். ஊர் கெட்டதாக இருந்தால் சண்டை போடலாம். இவ்வளவு நல்ல ஊரை என்ன செய்வது? ஊரையே திருப்பினால் ஒழிய இது நடக்காது.

விடிந்ததும் டீக்கடைக்குப் போனாள். டீக்கடைக்காரர், மாவுமில்காரர், காலை டீக்கு வந்த இன்னும் சிலர் எல்லாரும் இருந்தார்கள். அவள் பெஞ்சு மேல் ஏறி நின்றாள். மைக் இல்லாவிட்டாலும் அவள் குரலுக்குக் கூட்டத்தை அடக்கத் தெரியும்.

"எல்லாரும் கேளுங்க. இனிமே பையோட யார் வந்தாலும் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. கோட்டைக்கு அனுப்பாதீங்க."

"என்ன பாக்க வராங்க?" என்றார் மாவுமில்காரர்.

"ஒண்ணும் பாக்க வரல."

"ஒண்ணும் பாக்காம?"

"ஆமா."

"அப்போ எதுக்கு?"

"சும்மா இருக்க."

கூட்டத்தில் ஒரு குழப்பம் பரவியது. சும்மா இருக்க ஒருத்தன் பஸ் ஏறி வருவானா என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பஸ்ஸில் ஏற்றி இறக்கிய முகங்கள் நினைவுக்கு வந்தன. அருவிக்கு முன்னால் நின்று போனில் ஆபீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த முகங்கள். திரை மூடிய நிமிஷமே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போன முகங்கள்.

"களைச்சுப் போயிருக்காங்கண்ணே. சத்தமில்லாத எடத்துல நாலு நாள் இருந்தாப் போதும் அவங்களுக்கு."

டீக்கடைக்காரரின் முகமே மாறிவிட்டது. "அட! இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

மத்தியானத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்தது. சுற்றி வந்தபோது கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. கொடி வீட்டுக்கு வருகிறவர்களை நகரத்துப் பெரிய டாக்டர் ஒருவர் அனுப்பிவைக்கிறார் என்று அக்காவே வந்து கொடிக்குச் சொன்னாள். கொடி பதறிப்போய் மாவுமில்லுக்கு ஓடினாள்.

"காலையில மில்லு ஓட்டறத தள்ளிப் போட்டுட்டேன்மா" என்றார் மாவுமில்காரர், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "நோயாளிங்க தூங்கட்டும்."

"நோயாளி இல்லண்ணே. உங்கள மாதிரி என்ன மாதிரிதான்."

"புரியுதும்மா. அவங்களா வெளிய சொல்லிக்க மாட்டாங்க. நாமளும் காட்டிக்கக் கூடாது." கண்ணைச் சிமிட்டிவிட்டு அவர் உள்ளே போனார். இன்னும் நாலு வீட்டில் சொல்லிப் பார்த்தாள். மறுக்க மறுக்க நோய் முற்றியது. கடைசியில் விட்டுவிட்டாள்.

அறுவடைக்கு ஆட்கள் அரிவாள் தீட்டத் தொடங்கிய வாரம், ஒருவர் வருவதாக எழுதினார். நகரத்து ஓட்டல் ஒன்றில் சமையல்காரர். பெருத்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கினார். டீக்கடைக்காரரின் கால்கள் பழக்கத்தில் ரோட்டை நோக்கி நாலு எட்டு ஓடின. கைகூட பஸ்ஸை மறிக்க எழுந்துவிட்டது. அந்தக் கையை அவர் தலையைச் சொறிவது போல மாற்றிக்கொண்டார். கிட்டப் போய், ரகசியம் போல, "வாங்க. கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்றார். பையை வாங்கித் தன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சமையல்காரர் படுத்தார். தூங்கினார். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மாலையில் வாய்க்கால் கரையில் நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். யார் வீட்டிலோ ரேடியோ அணைந்தது.

"இந்த ஊர்ல ஏங்க எல்லாரும் இவ்வளவு மெதுவாப் பேசறாங்க?" என்று கேட்டார்.

"பழக்கம்" என்றாள் கொடி.

சில நாள் கழித்து அவர் மெல்ல அடுக்களை வாசலில் வந்து நின்றார். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. வெங்காயமாவது கொடுங்க" என்றார். அக்கா கொடுத்தாள். அவர் வெட்டிய வேகத்தைப் பார்த்துவிட்டு, "ஆளு தேறிட்டாரு!" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். டீக்கடையில் அது பெரிய செய்தி. "வந்தப்போ எப்படி இருந்தாரு, நான்தான் பாத்தேனே" என்று டீக்கடைக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சமையல்காரரோ இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

அந்த வாரத்தில்தான் அறுவடை முடிந்தது. மத்தியானம் மூட்டைகள் வந்து இறங்கின. கொடி மாடிப்படியின் அடியில் நின்றாள். அவள் நகரவில்லை. மாமா முதல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் காலை வைத்தார். மேலேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. நின்றார். கேட்டார். அந்தக் குறட்டையில் ஓர் உழைப்பாளியின் உடம்பு அசந்து தூங்குவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி, மூட்டையை முன்னறையில், தான் படுக்கும் இடத்தில் இறக்கிவைத்தார்.

"மெதுவா, மெதுவா" என்று பின்னால் வந்த ஆட்களை அதட்டினார். "மேல ஆள் தூங்கறாங்க."

சீசன் முடிகிற சமயம் ஒரு நாள் சுற்றுலா பஸ் நிறுத்தத்தில் நின்று ஹாரன் அடித்தது. டீக்கடைக்காரர் கையை ஓங்கிக்கொண்டு ஓடினார். "யோவ், இங்க ஹாரன் அடிக்காத!" டிரைவர் மிரண்டு போனார். கொடி வந்ததும், "என்ன ஊரு இது, ஆஸ்பத்திரி மாதிரி?" என்றார். "மேனேஜர் கோவம் ஆறிடுச்சு. ஏறறியா?"

"கொடி எங்க?"

டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் ஏறுவாள் என்று கதவையும் திறந்துவைத்தார். அவள் அதை எடுத்துப் போய் நிறுத்தத்து மரத்தில், பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் கட்டினாள்.

"இறங்கற எடம் தெரியணும்ல" என்றாள்.

"புதுசா வந்த பொண்ணும் அதையேதான் மைக்கில சொல்றா. பாக்க ஒண்ணுமில்லைன்னு."

"சொல்லட்டும் டிரைவரண்ணே. நல்ல விளம்பரம்."

அதன்பிறகு அறை காலியாக இருந்த நாட்கள் குறைவு. மூட்டைகளுக்கு மாமா கொல்லையில் தனியாகக் கொட்டகை போட்டார். மாவுமில் இன்னும் காலையில் தாமதமாகத்தான் ஓடுகிறது. வந்தவர்கள் நோயாளிகள் இல்லை என்பது இன்றுவரை ஊருக்குத் தெரியாது. இத்தனை பேரைக் குணமாக்கி அனுப்பியிருக்கிறோம் என்ற பெருமை மட்டும் எல்லாருக்கும் உண்டு.

இரண்டு அறுவடை தாண்டி, ஒரு காலையில், மொட்டைமாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்த கொடியின் போனில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு, போர்வையைக் கயிற்றில் பாதியிலேயே விட்டுவிட்டு, டீக்கடைக்காரரிடம் காட்ட இறங்கி ஓடினாள்.

"எங்களை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அறைக்கு முதன்முதலில் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன கணவன் மனைவி நாங்கள். அன்றைக்கு உங்கள் ஊரில் இறங்கத்தான் செய்தோம். தப்பாக இறங்கிவிட்டீர்கள் என்று சொல்லி ஒரு டீக்கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். கோட்டையைப் பார்த்தோம். கோட்டையில் என்ன பார்த்தோம் என்று இப்போது எங்கள் இருவருக்குமே நினைவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை வருகிறோம். அவரிடம் மறக்காமல் சொல்லிவையுங்கள், அன்றைக்கு நாங்கள் இறங்கியது சரிதான். ஏறியதுதான் தப்பு."